பந்தலில் விட்ட காய்

தர்மபுரி மாவட்டத்து ஏரியூர்ப் பக்கம் காய் மிகுந்து கிடப்பது வெயில் குறைந்த மாதங்களில். ஆடிப் பட்டத்தில் ஊன்றியதெல்லாம் புரட்டாசி பிறந்ததும் காய்ப்புக்கு வரும். ஐப்பசியில் வீட்டுப் பின்னால் கால் வைக்க இடமிருக்காது. கூரையில் ஏறிய சுரை, வேலியில் பீர்க்கன், பாத்திரம் கழுவும் தண்ணீரில் கொழுத்த கத்திரி, யாரும் ஊன்றாமல் குப்பைமேட்டில் தானாக முளைத்து ஓடும் மஞ்சள் பூசணி. அதே மாதத்தில்தான் வானமும் மூடிக்கொள்கிறது. தர்மபுரி மாவட்டத்தின் ஆண்டு மழை 850 மில்லிமீட்டரை ஒட்டி. அதில் பெரும்பங்கு ஆவணிக்கும் கார்த்திகைக்கும் நடுவில் பெய்து முடிந்துவிடும். 100 கிராம் கத்திரிக்காயில் 92 கிராம் தண்ணீர். நறுக்கிப் பாயில் பரப்பினால் இரண்டாம் நாள் பூசணம் பிடித்துவிடும். காய் இருக்கும்போது வெயில் இல்லை; வெயில் வரும்போது காய் இருக்காது.

வத்தல் வடகம் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் மாசி, பங்குனி வெயிலையே எழுதுகிறார்கள். மொட்டைமாடி, வெள்ளை வேட்டி, காவலுக்கு ஒரு பேரப்பிள்ளை, காக்கைக்குக் கறுப்புக் குடை. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் மழைக்கால அறுவடையை அந்த மாடிக்குக் கொண்டுபோக முடியாது. மேட்டூர் அணை நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடக்கும் இந்த மானாவாரி ஊர்கள் அதற்கு வேறு வழி கண்டிருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், தின்ன வேண்டிய நேரத்தில் தின்னாமல் சிலதைக் கொடியிலேயே விட்டுவிடுவது.

எதை விடுவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. பீர்க்கன், புடலை, வெண்டை எல்லாம் விட்டால் முற்றி நாராகும். அன்றன்றைக்குச் சமைக்க வேண்டும், மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்கு, அங்கேயும் மிஞ்சினால் மாட்டுக்கு. கொடுத்த பீர்க்கன் ஒரு வாரத்தில் கீரையாகவோ மோராகவோ திரும்பி வரும் என்பதால் அதுவும் ஒருவகை சேமிப்புதான். மஞ்சள் பூசணிக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டாம். தோல் நகம் இறங்காத அளவுக்கு முற்றியதும், காம்பு ஒடியாமல் அறுத்து, தரையில் படாமல் பலகை மேல் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். காம்பு உடைந்த காய் முதலில் அழுகும்; அதை முதலில் சமைத்துவிடுவார்கள். சாம்பல் பூசணி இன்னும் கெட்டி. மேலே படிந்த வெள்ளை மாவைத் துடைக்காமல் வைத்தால் பொங்கல் தாண்டியும் அசையாது. அந்த மாவு காயே தனக்குப் பூசிக்கொண்ட மெழுகு. புதிதாக வந்த மருமகள் அழுக்கென்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துவிட்ட கதை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும்.

பச்சை மிளகாயும் சுண்டைக்காயும் கொஞ்சம் பொறுக்கும். உப்புப் போட்ட மோரில் ஊறவைத்தால் நாலைந்து நாள் மழை போக்கலாம். வெயில் எட்டிப் பார்த்த அன்று முறத்தில் பரப்பி, சாயங்காலம் மறுபடி மோருக்குள். உப்பும் புளிப்பும் கிருமியைத் தடுத்து நிறுத்த, வெயில் வரும்வரை மிளகாய் காத்திருக்கும். இது எல்லா மாவட்டத்துக்கும் பொது. அதனால் இதில் நிற்காமல் அவரைக்கு வருகிறேன்.

அவரையும் மொச்சையும் தாவரவியலில் ஒரே இனம், லாப்லாப் பர்பூரியஸ். தோலோடு தின்பதற்கு வீட்டுப் பந்தலில் ஒரு வகை, கொட்டைக்காகக் கொல்லையில் ஒரு வகை. பழைய நாட்டு ரகங்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஆனியில் ஊன்றினாலும் ஆவணியில் ஊன்றினாலும் அவை பூப்பது பகல் குறுகி இரவு நீண்ட பிறகுதான். அதுவரை கொடி தழைத்துக்கொண்டே போகும். புது ஆள் பார்த்தால் மலட்டுக் கொடி என்று வெட்டிவிடுவார். கேழ்வரகுக் கொல்லையில் ஊடுபயிராகச் சால் விட்டுச் சால் போடும் மொச்சையும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் கேழ்வரகுக் கதிரை அறுத்துக் களத்துக்குக் கொண்டுபோன பிறகு வெறும் தாளுக்கு நடுவே மொச்சை தனியாக எழும்பி நிற்கும். மழை ஓய்ந்துவிட்டது, பாசனம் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம், ராத்திரிப் பனி, இரண்டை வைத்துக்கொண்டே அது பூத்துக் காய்த்து மார்கழி, தையில் கொட்டை கட்டும்.

பனி பெய்த காலையில் அந்தக் காயைத் தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். அதற்கென்று ஒரு வாசனை. சோப்புப் போட்டாலும் மத்தியானம் வரை போகாது. மொச்சையின் ருசியில் பாதி அந்த வாசனைதான் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். பெங்களூரில் ஜனவரி மாதம் அவரைக்காய்க்கென்றே திருவிழா நடத்துகிறார்கள். அங்கே காய் வாங்குகிறவர்கள் முதலில் முகர்ந்துதான் பார்க்கிறார்கள். பனிக்கு ஒரு விலையும் உண்டு. கொழுந்திலும் பூங்கொத்திலும் அசுவினி கறுப்பாக அப்பிக்கொள்ளும். விடிகாலையில் இலை ஈரமாக இருக்கும்போதே அடுப்புச் சாம்பலை விசிறினால்தான் ஒட்டும். வெயில் ஏறினால் சாம்பல் காற்றோடு போகும். மார்கழி மாதத்தில் வாசலில் கோலம் போட்ட கை நேரே பந்தலுக்குப் போவது அதனால்தான்.

என் அத்தை ஒருத்தி பந்தலடியில் நின்றுகொண்டு காய் பறிக்க விடமாட்டாள். எட்டின காயில் கை வைத்தால் போதும்.

"அத வுடு கண்ணு. அது வெதைக்கு."

"பக்கத்துல இருக்கறது?"

"அதுவும் வெதைக்குத்தான். தரையோட கெடக்குது பாரு, அதப் பொறிச்சுக்க."

முதலில் இறங்கும் காயை விதைக்கு விடமாட்டாள், கடைசிக் காயையும் விடமாட்டாள். முதல் காய்க்குக் கொடி இன்னும் தேறியிருக்காது. கடைசிக் காய்க்குக் கொடியிடம் சத்து மிஞ்சியிருக்காது. நடுவில், கொடி நல்ல வேகத்தில் இருக்கும்போது இறங்கும் கொத்தில் புழு துளைக்காததாக, வளையாததாகப் பார்த்து ஒரு கந்தல் துணியைக் கட்டிவிடுவாள். துணி கட்டிய காயை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். விதை உற்பத்தியில் பயிற்சி எடுத்தவர்களும் இதையே சொல்கிறார்கள். துணிக்குப் பதில் அட்டை கட்டுகிறார்கள். அத்தை விட்டது எப்போதுமே நல்ல காய். சமையலுக்கு வந்தது இரண்டாம் தரம். சின்ன வயதில் இது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. இன்றைக்கும் முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை. பசியோடு இருக்கும் வீட்டில் நல்ல காயைக் கண்ணெதிரே முற்ற விடுவதற்கு ஒரு கடுமை வேண்டும், அந்தக் கடுமை பெரும்பாலும் பிள்ளைகள் மேல்தான் விழுந்தது.

காய் கொடியிலேயே சருகாகிக் குலுக்கினால் சலசலக்கும்போது பறிப்பார்கள். அங்கேயும் வேலை முடியாது. பயறு வண்டு வீட்டுக்குள் வந்துதான் முட்டையிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கொல்லையில், முற்றிய காயின் மேலேயே அது முட்டையை ஒட்டிவிட்டுப் போவதுண்டு. புழு கொட்டைக்குள் இறங்கி, உள்ளேயே தின்று வளர்ந்து, ஊசியால் குத்தினாற்போல வட்ட ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும். வெளியே வந்த வண்டு மறுபடி முட்டையிட, ஒரு பானை பயறு இரண்டு மூன்று மாதத்தில் மாவாகும். இதற்கு மருந்து செம்மண். துவரையையோ மொச்சையையோ ஊறவைத்து வடித்து, சலித்த செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்து, கொட்டை தெரியாத அளவுக்குப் பிசைந்து, ஒரு ராத்திரி குவித்து வைத்து, பிறகு நாலு நாள் வெயிலில் உணத்தினால் ஒவ்வொரு கொட்டையும் மண்சட்டை போட்டுக்கொள்ளும். மண் கட்டுவது என்று பேர். நுண்ணிய மண் வண்டின் உடம்பில் இருக்கும் மெழுகுப் படலத்தைச் சுரண்டிவிட, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறி அது வற்றிச் சாகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 100 கிலோ பயறு விதைக்கு 1 கிலோ பதப்படுத்திய களிமண் கலக்கச் சொல்கிறதே, வேலை செய்வது அதே வழியில்தான்.

அமாவாசை அன்று உணத்தி வைத்தால் வண்டு பிடிக்காது என்றும் சொல்வார்கள். நிலவுக்கும் வண்டுக்கும் என்ன வழக்கென்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை தவறாமல் பயறை வெளியே எடுத்துச் சுடுவெயிலில் கொட்டச் சொல்லும் ஒரு நாள்காட்டியாக அமாவாசை இருந்தது. அது போதும், வண்டு பெருகாது.

ஊன்ற வேண்டிய விதைக்கு மண் கட்டமாட்டார்கள். நனைத்தால் முளைப்புப் போய்விடும். அது சாம்பலோடு சுரைக்குடுக்கைக்குள் போகும். வாயில் துணி அடைத்து மேலே சாணி பூசி மூடுவார்கள். பூசணி, சுரை, பீர்க்கன் விதைகளைச் சாணத்தில் பிசைந்து சுவரில் வரட்டியாகத் தட்டிவிடுவதும் உண்டு. ஆடி வந்தால் சுவரிலிருந்து பெயர்த்து, உடைத்து, அப்படியே குழியில் போடலாம். எரு கூடவே வந்துவிடுகிறது. மக்காச்சோளக் கதிர், மிளகாய்ப் பழம், விதைக் காய்க் கொத்து எல்லாம் அடுப்புக்கு நேர் மேலே, விட்டத்தில் தொங்கும். புகை படிந்து கறுத்த கதிரை எந்தப் பூச்சியும் அண்டாது. வெயில் இல்லாத மூன்று மாதமும் இந்த ஊர் தன் அறுவடையை உலர்த்தியது அடுப்பின் மேல்தான்.

அந்த அடுப்பு இப்போது இல்லை. 2016 மே மாதம் உஜ்வாலா திட்டம் தொடங்கிய பிறகு எரிவாயு சிலிண்டர் வராத வீடு குறைவு. ஓலைக்கூரை போய்க் காங்கிரீட் வந்ததில் விட்டமும் போயிற்று. விதைக்கு இது நஷ்டம் என்று எழுதுவது சுலபம். அந்தப் புகையில் நாற்பது வருஷம் குனிந்து ஊதின பெண்களின் நெஞ்சிரைப்பைக் கேட்டவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். நல்லதென்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, விதைக்கு வேறு வழி தேட வேண்டியதுதான். இப்போது பலர் பிளாஸ்டிக் டப்பாவில் வேப்பிலையோடு போட்டு இறுக மூடுகிறார்கள். நன்றாக உலராத விதையை மூடினால் உள்ளேயே வியர்த்துப் பூசணம் பிடிக்கிறது. ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். பல்லால் கடித்தால் பதியாமல் நொறுங்க வேண்டும். பல் இருக்கிறவர்கள் இன்னும் அப்படித்தான் சோதிக்கிறார்கள்.

குளிர்நாட்டு அறுவடைக்காலத்தைப் படமாகப் பார்த்தால் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நிற்கும். அங்கே உறைபனி விழுந்தால் தோட்டம் ஒரே ராத்திரியில் செத்துப்போகும். அதற்குள் எல்லாவற்றையும் பறித்துப் புட்டியில் அடைத்தாக வேண்டும். பிரான்ஸ்காரர் நிக்கோலா அப்பேர் காற்றுப் புகாமல் மூடிய புட்டியைக் கொதிநீரில் வைத்துப் பதப்படுத்தும் முறையைக் கண்டு, அரசிடம் 12,000 பிராங்க் பரிசு பெற்று, 1810-ல் புத்தகமாகவும் வெளியிட்டார். அமெரிக்காவில் ஜான் மேசன் திருகுமூடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கியது 1858-ல். அப்பேர் தன் முறையைக் கண்டபோது கிருமி என்ற ஒன்று கெடுக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. பிறகுதான் தெரிந்தது: புளிப்பில்லாத காயை, முக்கியமாக அவரை வகைகளை, வெறும் கொதிநீரில் வைத்து மூடினால் காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டுலிசம் கிருமி உயிரோடு இருந்து நஞ்சைச் சுரக்கும். அதைக் கொல்ல 121 டிகிரி சூடு வேண்டும். அழுத்தக் கொப்பரை இல்லாமல் அந்தச் சூடு வராது. அந்த ஊர்க்காரர்கள் இதற்கு உயிர்களைக் கொடுத்துப் பாடம் படித்தார்கள்.

நம் அடுப்படியில் புட்டி என்றால் ஊறுகாய். உப்பு, புளிப்பு, எண்ணெய் மூன்றும் காவல் இருப்பதால் அதில் பயமில்லை. மொச்சையை யாரும் புட்டியில் அடைக்கவில்லை. கொடியிலேயே அது உலர்ந்துகொண்டது. உறைபனி இல்லாத நாட்டுக்குக் கிடைத்த சலுகை அது. இப்போது ஏரியூரிலும் குளிர்பெட்டி வைத்த வீடுகளில் பச்சை மொச்சையை உரித்து உறையவைக்கிறார்கள். தப்பில்லை. மின்சாரம் நாலு மணி நேரம் நின்றால் மட்டும் அன்றைக்கு வீடு முழுக்க மொச்சைக் குழம்பு.

சமையலைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அத்தை மன்னிக்கமாட்டாள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மார்கழி, தையில் பிதுக்கம்பருப்பு. முற்றி இன்னும் காயாத மொச்சைக் கொட்டையை உரித்து ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட வேண்டும். காலையில் தோல் தளர்ந்திருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து ஒரு அழுத்து. பருப்பு வழுக்கிப் பாய்ந்து பாத்திரத்தில் விழும், தோல் விரலோடு நிற்கும். அழுத்தம் அதிகமானால் பருப்பு சுவருக்குப் போகும். ஒருபடி கொட்டைக்கு வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் உட்கார வேண்டும், ஊர்க்கதை முழுக்க அங்கேதான் நடக்கும். ஆம்பிளைகள் அப்போது வாசலில் வேலையாக இருப்பார்கள். என்ன வேலை என்று கேட்கக் கூடாது. பிதுக்கின பருப்பை வெங்காயம், பூண்டு, தேங்காய், கசகசா அரைத்த மசாலாவில் போட்டால் சீக்கிரம் வெந்துவிடும். குழம்பு பாலாகத் திரளும். சுடச்சுடக் கேழ்வரகுக் களி. களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும்.

மிஞ்சிய பருப்பைத் தை வெயிலில் உணத்தி வைத்தால் வருஷம் முழுக்க வறுத்துத் தின்னலாம். உலர்ந்த முழுக்கொட்டைக்கு வேறு விதி. அதை ஊறவைத்து வேகவைக்கும்போது முதல் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். கசப்பு போவதற்கு என்பார்கள். பச்சையான முற்றிய கொட்டையில், கறுப்பு வகையில் இன்னும் கூடுதலாக, உடம்புக்கு ஒவ்வாத பொருள்கள் இருக்கின்றன. ஊறவைப்பதும் கொதிக்கவைப்பதும் தண்ணீர் மாற்றுவதும் அவற்றை இறக்கத்தான்.

இவ்வளவு பாடும் ருசிக்காகப் பட்டதல்ல. வைகாசி தொடங்கி ஆவணி வரை வீட்டில் ஒன்றும் விளையாத மாதங்கள். அதைத் தாண்ட அவரைக்கொட்டையும் கொள்ளும் கேழ்வரகும் இருந்தாக வேண்டும். கேழ்வரகு ஒன்றுதான் யாரையும் கவலைப்பட விடாத தானியம். மணி சின்னது, தோல் கெட்டி, பூச்சி அண்டாது. கர்நாடகப் பக்கம் ஹகேவு என்று மண்ணுக்கடியில் குழி தோண்டி வருஷக்கணக்கில் போட்டு வைத்தார்கள். குழியைத் திறந்ததும் யாரும் இறங்கமாட்டார்கள். உள்ளே நச்சுக்காற்று தேங்கியிருக்கும், முதலில் விளக்கை இறக்கி அணைகிறதா என்று பார்ப்பார்கள்.

2011-க்குப் பிறகு ரேஷன் கடையில் மாதம் 20 கிலோ அரிசி இலவசமாகக் கிடைத்ததும் ஒன்றும் விளையாத மாதங்களின் பயம் போயிற்று. பயம் போனது பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் வெறும் வயிற்றோடு படுத்தவர்கள் இல்லை. கேழ்வரகுக் கொல்லைகள் குறைந்தன, கூடவே சால் விட்டுச் சால் நின்ற மொச்சையும் குறைந்தது. கேழ்வரகைக் கைவிடுகிறோம் என்று நினைத்தவர்கள் மொச்சையையும் சேர்த்துக் கைவிட்டதைக் கணக்கில் எடுக்கவில்லை. 2023 மே மாதம் தர்மபுரியிலும் நீலகிரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்தது. உள்ளூர் விவசாயிகளிடமே அரசு கொள்முதல் செய்கிறது. கொல்லையிலிருந்து போன தானியம் ரேஷன் கடை வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. மொச்சைக்கு அப்படி ஒரு வழி இன்னும் இல்லை.

விதை வீட்டிலேயே இருக்க வேண்டியதற்கு ஏரியூருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1934 ஆகஸ்ட் 21-ல் திறந்த மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு நாகமரை, ஒட்டனூர் வரை வந்து நிற்கிறது. அக்கரைப் பண்ணவாடிக்குப் பரிசலில் போவார்கள். கண்ணெதிரே 93 டி.எம்.சி. கொள்ளும் தண்ணீர், மேட்டில் இருப்பவர்களின் கொல்லைக்கு ஒரு சொட்டு ஏறாது. ஆனால் அணை வற்றும் மாதங்களில் நீர் விலகிய வண்டல் நிலத்தில் கேழ்வரகும் சோளமும் நிலக்கடலையும் போடுகிறார்கள். தண்ணீர் எப்போது இறங்கும், எப்போது ஏறும் என்பதைக் குடகு மழையும் டெல்டாப் பாசனமும் முடிவு செய்கின்றன. நிலம் வெளியே தெரிந்த வாரமே விதைத்தாக வேண்டும். அப்போது டவுனுக்குப் போய் விதை வாங்கி வர நேரம் இருக்காது.

இப்போது ஏரியூரின் இளசுகளில் பெரும்பாலோர் பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும். பொங்கல் முடிந்து திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொரு பையிலும் ஒரு பொட்டலம் மொச்சை, கொஞ்சம் பிதுக்கின பருப்பு, ஒரு பூசணி. அத்தை தன் மகளிடம் துணி கட்டின காயின் விதையையும் கொடுத்தனுப்பினாள். மகள் அதை ஓசூரில் மாடித் தொட்டியில் ஊன்றினாள். கொடி கைப்பிடிச் சுவர் முழுக்கப் படர்ந்தது. தை பிறந்தும் ஒரு பூ இல்லை.

"அம்மா, வெத கெட்டுப்போச்சு போல இருக்குது. கொடி மட்டும் போவுது."

"எங்க வெச்சிருக்க?"

"மாடியில, ரோட்டுப் பக்கம். நல்ல வெளிச்சம்."

"ராத்திரியுமா?"

தெருவிளக்கு எல்.இ.டி. விளக்கு, கொடிக்கு நேர் மேலே. விடிய விடிய எரியும் வெளிச்சத்தில் அந்தக் கொடிக்கு இரவு நீளவே இல்லை. பகல் குறையாத ஊரில் அது எதற்குப் பூக்கும்? கடையில் குத்து அவரை விதை விற்கிறது. பகலையும் இரவையும் பார்க்காமல் எல்லா மாதமும் காய்க்கும் ரகம். அதை ஊன்றச் சொன்னேன். வருஷம் முழுக்கக் கிடைக்கிறதே என்பது என் கட்சி. அத்தை ஒத்துக்கொண்டாள், ஆனால் பிதுக்கினால் பருப்பு வராது என்றும் சொன்னாள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். மகள் இரண்டு விதையும் வாங்கி வைத்திருக்கிறாள். நாட்டு அவரைத் தொட்டி இந்த ஆடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், விளக்கு விழாத பக்கம் போகப்போகிறது. வீட்டுச் சொந்தக்காரர் அங்கே துணி காயப்போடுகிறார். அவரிடம் இன்னும் கேட்கவில்லை.